பேயில்லாத முப்பது விநாடி

திகில் படப் பாணியில் முப்பது விநாடிக்கு ஒரு மோஷன் கிராஃபிக்ஸ் செய்யச் சொன்னால் பெரும்பாலோர் கை தானாகப் போகும் இடங்கள் நமக்குத் தெரிந்தவைதான். கறுப்புப் பின்னணி, ரத்தம் வடியும் எழுத்து, பழுதான டிவி மாதிரி வெட்டி வெட்டி இழுக்கும் பிம்பம், மூலையில் தலைவிரி கோலமாக ஒரு பெண், கடைசி விநாடியில் ஓர் அலறல். இலவசமாகக் கிடைக்கும் டெம்ப்ளேட்டுகளைத் திறந்து பாருங்கள், இதையே வேறு வேறு நிறத்தில் தருவார்கள். இதே வேலையை ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்தை வைத்துச் செய்யச் சொன்னால் அதற்கும் ஒரு தொகுப்பு தயாராக இருக்கிறது: குறுகலான சந்து, மஞ்சள் தெருவிளக்கு, கையில் கத்தியோடு ஒரு நிழல். முதலாவது வெறும் சோம்பேறித்தனம். இரண்டாவதில் அதோடு அநியாயமும் சேர்கிறது. வடசென்னையின் துறைமுக, தொழிற்சாலைப் பட்டையில் பயப்பட வேண்டியவை ஏராளம். அவை குழாயிலும் புகைபோக்கியிலும் ஆற்றின் அடிமண்ணிலும் இருக்கின்றன. அங்கே குடியிருக்கும் ஆட்களைக் காட்டிப் பயமுறுத்துவது தவறான முகவரிக்குக் கடிதம் போடுவது. திகில் படங்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் அசைவு இலக்கணம், அதாவது மெதுவாக நெருங்குவது, காட்டாமல் விடுவது, வரவேண்டியதைத் தாமதிப்பது, இந்த நிலத்தின் பயத்தைச் சொல்ல மற்ற எந்தப் பாணியையும்விடப் பொருத்தமானது என்பது என் கட்சி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எதிர்வாதங்களும் சும்மா தள்ளிவிடக்கூடியவை அல்ல.

முதலில் நம் சினிமா பேய்களை எங்கே குடிவைத்திருக்கிறது என்று பார்க்கலாம். ‘சந்திரமுகி’க்கு (2005) ஒரு மாளிகை, ‘அரண்மனை’க்குப் (2014) பெயரிலேயே அரண்மனை, ‘யாவரும் நலம்’ (2009) படத்துக்குப் புது அடுக்குமாடி வீடு, ‘பீட்சா’வுக்கு (2012) ஒரு பங்களா, ‘மாயா’வுக்கு (2015) ஒரு காடு. ‘டிமான்டி காலனி’ (2015) ஆழ்வார்பேட்டையில் நிஜமாகவே இருக்கிற ஒரு தெருவின் பெயர். பேய் என்றால் சொத்துள்ள இடத்தில்தான் வரும் என்று ஓர் எழுதாத விதி இருப்பதுபோல இருக்கிறது. வடசென்னைக்குக் கிடைத்தது பெரும்பாலும் ரவுடிப் படம். விதிவிலக்காக எனக்குத் தோன்றுவது பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014). வியாசர்பாடிக் குடியிருப்பில் ஒரு சுவர், அதில் ஓர் அரசியல்வாதியின் உருவம், அந்தச் சுவருக்காக விழும் சாவுகள். அதைப் பேய்ப்படம் என்று யாரும் வகைப்படுத்துவதில்லை. ஆனால் அந்தச் சுவரைக் கேமரா பார்க்கிற விதத்தைக் கவனியுங்கள்: சுவர் நகராது, பேசாது, எதுவும் செய்யாது, இருந்தும் அது காத்துக்கொண்டிருப்பதாக நமக்குத் தோன்றும். அந்தப் பகுதியில் பயத்தை ஒரு மனிதன்மேல் ஏற்றாமல் ஒரு கட்டுமானத்தின்மேல் ஏற்ற முடியும் என்பதற்குத் தமிழிலேயே இருக்கிற சான்று அது. இதோடு அறிவழகனின் ‘ஈர’த்தையும் (2009) சேர்த்துக்கொள்ளலாம். அதில் தண்ணீர்தான் பேய். கசிகிறது, தேங்குகிறது, கதவடியில் வருகிறது. முகமில்லாத ஒரு பொருளைக் கொண்டு இரண்டரை மணி நேரம் பயமுறுத்த முடிந்ததென்றால் முப்பது விநாடி முடியாதா?

பயம் உருவத்தைவிட நேரத்தில்தான் அதிகம் இருக்கிறது என்பதை மோஷன் கிராஃபிக்ஸின் வரலாறே சொல்கிறது. சால் பாஸ் 1960-இல் ‘சைக்கோ’ படத்துக்குச் செய்த தலைப்புக் காட்சியில் ரத்தம் இல்லை, கத்தி இல்லை, முகமில்லை. கிடைக்கோடுகளும் செங்குத்துக் கோடுகளும் வெவ்வேறு வேகத்தில் ஓடி வந்து பெயர்களை வெட்டிப் பிளந்துவிட்டுப் போகின்றன. பெர்னார்ட் ஹெர்மனின் நரம்பிசை அந்தக் கோடுகளை விரட்டுகிறது. அவ்வளவுதான். 1979-இல் வந்த ‘ஏலியன்’ இதற்கு நேரெதிர். ஓர் இருண்ட கோள் திரையில் நகர்ந்துகொண்டிருக்க, மேலே ஒரு சிறு கோடு தோன்றுகிறது. நெடுநேரம் கழித்து இன்னொன்று. அவை எழுத்துகள் என்பதே முதலில் புரியாது. ஐந்து எழுத்து முழுமையாக ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகிறது. ரிச்சர்ட் கிரீன்பர்க் குழு செய்த அந்த வேலையில் பயம் எங்கிருந்து வருகிறது என்றால், ஏதோ ஒன்று தன்னைச் சேர்த்துக்கொண்டு வருகிறது, அதை நம்மால் நிறுத்த முடியாது என்ற உணர்விலிருந்து. 1995-இல் கைல் கூப்பர் ‘செவன்’ படத்துக்குச் செய்த கீறல் எழுத்தும் துடிக்கும் பிம்பமும் அதற்குப் பிறகு உலகம் முழுக்க நகலெடுக்கப்பட்டு, நகலின் நகலாகி, இன்று கைபேசிச் செயலியில் ஒரு ஃபில்டராக வந்து நிற்கிறது. நகலெடுக்க எளிதான பாணி சீக்கிரம் செத்துவிடும். ‘ஏலியன்’ தலைப்பு இன்றும் வேலை செய்வதற்குக் காரணம் அதில் திருடிக்கொண்டு போக ஒரு ‘லுக்’ இல்லை, பொறுமை மட்டும் இருக்கிறது.

இந்தப் பொறுமையை எண்ணூருக்குக் கொண்டுவாருங்கள். அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியைப் பற்றி ஓர் அடிப்படைக் கணக்கு: இந்திய நிலக்கரியில் சாம்பல் மட்டுமே 30 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். எரித்து முடித்த பிறகு இந்தச் சாம்பலைத் தண்ணீரோடு கலந்து குழம்பாக்கிக் குழாய்வழியே செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் அரித்து ஓட்டை விழுந்து, பல ஆண்டுகளாக அந்தக் குழம்பு கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் கொட்டிக்கொண்டிருந்தது. ஆற்றின் ஆழம் குறைந்தது. நண்டும் இறாலும் பிடித்துப் பிழைத்த மீனவர்கள் படகு தரைதட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இந்த விவகாரத்தில் மின்வாரியத்தைப் பொறுப்பாக்கிச் சீரமைக்கச் சொல்லி உத்தரவிட்டது. இதில் எந்த நாளில் என்ன நடந்தது என்று செய்திப் படம் எடுக்க முடியாது. ஏனென்றால் எந்த ஒரு நாளிலும் ஒன்றுமே நடக்கவில்லை. தினமும் கொஞ்சம் சாம்பல், அவ்வளவுதான். செய்திக் கேமரா சம்பவத்துக்காகக் காத்திருக்கும் கருவி. சம்பவமே இல்லாத அழிவைக் காட்ட அதனிடம் வழியில்லை.

அசைவூட்டுபவரிடம் வழி இருக்கிறது. நொடிக்கு 25 ஃபிரேம் வீதம் முப்பது விநாடிக்கு 750 ஃபிரேம். திரையில் ஆற்றின் குறுக்குவெட்டு ஒன்றை வரையுங்கள்: மேலே ஒரு ஃபைபர் படகு, கீழே ஆற்றின் தரை, நடுவில் தண்ணீர். படகு அலையில் மேலும் கீழுமாக லேசாக ஆடட்டும். தரையை 750 ஃபிரேமில் 40 பிக்சல் மட்டும் உயர்த்துங்கள். ஏறக்குறைய 19 ஃபிரேமுக்கு ஒரு பிக்சல். இந்த வேகத்தில் கண்ணுக்கு அசைவு தெரியாது, தரை நிற்பதாகவே தோன்றும். (இவ்வளவு மெதுவாக நகர்த்தும்போது கோடு பிக்சலுக்குப் பிக்சல் குதித்து நடுங்கும் தொல்லை ஒன்று உண்டு. 4கே அளவில் வேலை செய்து கடைசியில் சிறிதாக்கினால் பெரும்பாலும் போய்விடும்.) படகின் ஆட்டத்தையும் அதற்கேற்பச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கிராஃப் எடிட்டரில் அந்த அலைக்கோடு வலதுபக்கம் போகப்போகத் தட்டையாகிக்கொண்டே போகும். இருபத்தாறாவது விநாடியில் படகு ஆடுவதை நிறுத்துகிறது. மீதி நான்கு விநாடிக்குக் கண்ணுக்குத் தெரிய எதுவும் அசையாது. யாரும் அலற வேண்டாம். ஒரு மீனவர் அதைப் பார்த்தால் என்ன நடந்தது என்று விளக்கவே தேவையில்லை. மற்றவர்கள் ஒருமுறை திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள், முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் ஒப்பிடுவார்கள். எது மாறியது என்று பார்ப்பவரையே தேடவைப்பது நல்ல திகில் படங்கள் எப்போதும் செய்கிற வேலை.

எண்ணெய்க்கு வேறு இலக்கணம். 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பிடபிள்யூ மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. துறைமுகத் தரப்பின் முதல் அறிக்கை எண்ணெய்க் கசிவு போன்ற பாதிப்பு எதுவும் இல்லை என்றது. அடுத்த சில நாட்களில் எண்ணூர்ப் பக்கக் கரையில் கரிய குழம்பை ஆட்கள் கைகளாலும் வாளிகளாலும் அள்ளிக்கொண்டிருந்ததை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மறுபடியும் எண்ணெய். இந்தமுறை மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு. படகு, வலை, கூழைக்கடாப் பறவை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் பிசுக்கு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்குள்ள சுத்திகரிப்பு ஆலையைக் கைகாட்டியது, ஆலை தன் குழாயில் கசிவில்லை என்றது. வெள்ளம் வடிந்த பிறகு சுவர்களில் நின்றுபோன அந்தக் கரிய கோடு இருக்கிறதே, அதைவிடச் சிறந்த வடிவமைப்பை எந்த ஸ்டூடியோவும் யோசித்துத் தந்துவிட முடியாது. தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, எதைக் கொண்டுவந்தது என்ற இரண்டு செய்தியும் ஒரே கோட்டில் இருக்கிறது.

இதைச் செய்ய விலையுயர்ந்த மென்பொருள் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பழைய தகவல். மசாகி கோபயாஷியின் ‘குவைதான்’ (1964) பேய்க்கதைத் தொகுப்பின் தலைப்புக் காட்சி முழுக்கத் தண்ணீரில் கரையும் மைதான். நிறங்கள் சுருண்டு விரிகின்றன, பெயர்கள் வருகின்றன, போகின்றன. 1982-இல் ஜான் கார்பென்டரின் ‘தி திங்’ படத்துக்காகத் தலைப்பு எரிந்துகொண்டு வெளிப்படும் காட்சியைப் பீட்டர் குரான் ஒரு மீன்தொட்டி, கொஞ்சம் புகை, ஒரு குப்பைப் பை, தீக்குச்சி இவற்றை வைத்து எடுத்தார். வடசென்னைக்காரர் மீன்தொட்டிக்கு அலைய வேண்டியதில்லை. அலங்கார மீன் வியாபாரத்துக்கே பேர்போன கொளத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. தொட்டி, மை, சமையல் எண்ணெய், நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஒரு கைபேசி. எடுத்ததைத் தலைகீழாகத் திருப்பினால் மை மேலே ஏறும். அதை ஒரு மறைப்பாக (matte) வைத்து, 2017-இன் அந்த முதல் அறிக்கை போன்ற ஒரு வாக்கியத்தை (வாக்கியத்தை நீங்களே எழுதாதீர்கள், ஆவணத்திலிருந்து எடுங்கள்) திரையில் அசையாமல் நிறுத்தி, கீழிருந்து கறுப்பு ஏறவிடலாம். தமிழ் எழுத்து இதற்கு வசதியானது. ழ, று, ஞ போன்றவற்றின் வால்கள் வரிக்குக் கீழே தொங்குவதால் அவைதான் முதலில் மூழ்கும். ஒரு மறுப்பறிக்கை எழுத்தெழுத்தாகக் கால் நனைந்து இடுப்பளவு மூழ்கி மறைவதைப் பார்ப்பதில் இருக்கும் திகிலை எந்தக் குரல் பின்னணியும் தராது.

எழுத்து என்று வந்ததால் ஒரு தொழில் சங்கதி. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் தமிழை அப்படியே தட்டச்சு செய்து எழுத்துக்கு எழுத்து அசைக்கப் போனால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிய்த்துக்கொள்ளும். அமைப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான முறையைத் தேர்ந்தெடுத்தால் வார்த்தை ஒழுங்காக அமையும், ஆனால் தனித்தனியாக அசைக்கும்போது சிக்கல் தொடரலாம். அதனால்தான் பல கடைகளில் இன்னும் பழைய பாமினி வகை எழுத்துருவை வைத்துச் சமாளிக்கிறார்கள். ஒழுங்கான வழி, எழுத்தை வடிவக் கோடுகளாக மாற்றிவிட்டுக் கோடுகளை அசைப்பது. அப்போது ‘ஏலியன்’ உத்தி தமிழுக்கு இன்னும் நன்றாக அமையும். எண்ணூர் என்ற சொல்லில் ஒரு செங்குத்துக் கோடு, பிறகு ஒரு சுழி, பிறகு ஒரு வளைவு என்று வந்து, ‘ண்’, ‘ர்’ இரண்டின் புள்ளிகளும் கடைசியில் சிவப்பாக விழலாம். உயரமான புகைபோக்கிகளின் உச்சியில் இரவில் விமானங்களுக்காக விட்டு விட்டு எரியும் சிவப்பு விளக்கின் தாளத்திலேயே அவை எரிந்து அணையலாம். திருவொற்றியூர் பக்கம் மொட்டைமாடியில் படுப்பவர்களுக்கு அந்தத் தாளம் தெரியும்.

மிகக் கடினமான கேள்வி அமோனியா. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கடல்நீர் கொப்பளித்தது. மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் விழித்துத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அமோனியாவுக்கு நிறமில்லை. பச்சைப் புகையாக வரைந்தால் அது கார்ட்டூன், அதோடு பொய்யும்கூட. அப்படியானால் எப்படிக் காட்டுவது? என் யோசனை, வாயுவை வரையவே கூடாது. திரை முழுக்க இருட்டான ஜன்னல்கள், கட்டம் கட்டமாக. முதல் பத்து விநாடிக்கு ஒன்றுமில்லை, அலையோசை மட்டும். பிறகு கடல்பக்க ஓரத்தில் ஒரு ஜன்னல் எரிகிறது. அடுத்தது. பிறகு மூன்று. வெளிச்சம் கடற்கரையிலிருந்து உள்ளே நகர்கிறது. வாயு எந்த வழியாக வருகிறது என்பது, தூக்கம் கலைந்தவர்கள் போட்ட விளக்குகளின் வரிசையில் தெரிகிறது. வழக்கமான திகில் படத்தில் விளக்கு அணைந்தால் பயம். இங்கே எரிந்தால் பயம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அதன் விளைவால் மட்டும் காட்டுவது திகில் சினிமாவின் மிகப் பழைய பாடம், நாம்தான் அலங்காரம் செய்த பேய் முகங்களில் அதை மறந்துவிட்டோம்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, நியாயமான மனிதர்கள் சொல்வது: மாசுபாடு ஆதாரத்தோடு பேச வேண்டிய விஷயம், அளவீடு, ஆய்வறிக்கை, நீதிமன்ற ஆவணம் இவைதான் வேலைக்காகும், திகில் பாணியில் போனால் ‘பீதி கிளப்புகிறார்கள்’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவார்கள். இதற்கு ஜப்பானிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. யோக்காய்ச்சி என்ற துறைமுக நகரில் பெட்ரோ ரசாயன ஆலைகள் வந்த பிறகு 1960-களில் கந்தக டைஆக்சைடால் ஆஸ்துமா பரவியது. 1971-இல் தோஹோ நிறுவனம் யோஷிமித்சு பன்னோ இயக்கத்தில் ‘காட்ஸில்லா எதிர் ஹெடோரா’ என்ற படத்தை வெளியிட்டது. ஹெடோரா கழிவுச் சேற்றைத் தின்று வளரும் பிராணி. ஆலைப் புகைபோக்கியின்மேல் வாயை வைத்துப் புகையை இழுக்கும். இதில் நமக்கு வேண்டியது வேறு: படத்தின் நடுநடுவே மாசைப் பற்றிச் சின்னச் சின்ன அசைவுச் சித்திரங்களைப் பன்னோ செருகியிருக்கிறார், நாம் இன்று மோஷன் கிராஃபிக்ஸ் என்று சொல்கிற அதே சமாச்சாரம். அடுத்த ஆண்டு, 1972 ஜூலையில், யோக்காய்ச்சி நீதிமன்றம் ஆறு நிறுவனங்களைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. படத்தால் தீர்ப்பு வந்தது என்று நான் சொல்லவே மாட்டேன், அது நோயாளிகளும் வழக்கறிஞர்களும் வருடக்கணக்கில் போராடி வாங்கியது. ஆனால் ராட்சதப் படம் வந்ததால் வழக்கின் மதிப்பு குறைந்துவிடவும் இல்லை. இரண்டும் வேறு வேறு வேலை. ஆவணம் நீதிபதிக்கு, அசைவுப்படம் அந்த ஆவணத்தை ஒருபோதும் திறக்கப் போகாத அண்ணாநகர்க்காரருக்கு. பீதி என்ற குற்றச்சாட்டு ஒட்டாமலிருக்க ஒரே ஒரு நிபந்தனை போதும்: நடக்காத எதையும் வரையாதீர்கள். ஜன்னல்கள் எரிந்தது நடந்தது. எண்ணெய்க் கோடு இருந்தது. படகு தரைதட்டியது. பாணி திகிலாக இருக்கலாம், தகவல் புனைவாக இருக்கக் கூடாது. ஹெடோராவிடமிருந்து நாம் விலக வேண்டிய இடமும் இதுதான், ராட்சதன் வந்தவுடன் பார்ப்பவர்கள் ஆலையை மறந்துவிட்டு ராட்சதனைப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள்.

இரண்டாவது எதிர்வாதம் என்னை அதிகம் யோசிக்கவைப்பது. ஏற்கெனவே ‘அந்தப் பக்கமா?’ என்று முகம் சுளிக்கிற ஊர் இது. வாடகை, வேலை, கல்யாணச் சம்பந்தம் எல்லாவற்றிலும் அந்த முகச்சுளிப்புக்கு விலை உண்டு. இதில் திகில் படம் வேறு எடுத்து ஊரையே பேய்வீடாக்கலாமா? இப்படிக் கேட்பவர்களின் கவலை நியாயமானதுதான், அதனால்தான் பயத்தை எதன்மேல் வைக்கிறோம் என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. 1950-களில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியது. எண்ணூரின் ஆலைகள், மணலியின் சுத்திகரிப்பு, காசிமேட்டு மீன், இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் தென்சென்னையின் ஒரு நாள் ஓடாது. ஆகவே படத்தில் மின்கம்பி எங்கே போகிறது என்று ஒரு கோடு போடுங்கள். படகுக் காட்சியில் நின்றுபோன படகின்மேலே போகும் அந்தக் கம்பி ஃபிரேமை விட்டுத் தெற்கே வெளியேறட்டும், பார்ப்பவர் வீட்டு ஏசி அந்தக் கம்பியின் மறுமுனை என்று புரியட்டும். பேய்வீட்டுக் கதையில் வழக்கமாகப் பார்வையாளர் வெளியே பத்திரமாக இருப்பார். இந்தக் கதையில் அவர் வீட்டுக்காரர். இப்படி அமைத்தால் ஊருக்குக் களங்கம் சேராது. மனித உருவத்தை வரைவதானால் ஓடுகிறவராக மட்டும் வரையாமல், வாளியோடு நிற்பவராக, புகார் மனுவோடு நிற்பவராகவும் வரையுங்கள். முடித்ததும் வெளியிடும் முன் அந்தக் குப்பத்து ஆட்களிடம் போட்டுக் காட்டுங்கள். ‘இது நாங்க இல்லை’ என்று அவர்கள் சொன்னால் அதற்குமேல் விவாதமில்லை, மாற்றுங்கள்.

ஆலைகளை நம்பித்தானே அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள், அவற்றைப் பேயாக்கலாமா என்றும் கேட்பார்கள். அரித்த குழாயை மாற்றினால் யார் வேலையும் போகாது. இதற்குமேல் இதற்குப் பதில் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கடைசியாகத் தொழில்காரர்களின் ஆட்சேபம்: பேயும் அலறலும் இல்லாமல் முப்பது விநாடி ஓட்டினால் எவன் பார்ப்பான், இரண்டாவது விநாடியிலேயே கட்டைவிரல் மேலே தள்ளிவிட்டுப் போய்விடும். இது பாதி உண்மை. சும்மா மெதுவாக இருப்பது வேறு, எதிர்பார்ப்போடு மெதுவாக இருப்பது வேறு. முதல் விநாடியிலேயே ஒரு கேள்வியைப் போட்டுவிட வேண்டும்: தேதியும் மணியும் மட்டும் திரையில், ‘2023 டிசம்பர் 26, நள்ளிரவு, எண்ணூர்’. அவ்வளவு போதும், இருட்டு ஜன்னல்களைப் பத்து விநாடி பார்ப்பார்கள். அதோடு, மின்னல் மாதிரி வெட்டி வெட்டிக் காட்டும் பாணிக்கு ஓர் ஆபத்தும் உண்டு. 1997 டிசம்பரில் ஜப்பானில் ‘போகிமான்’ தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதில் 600-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குப் போனார்கள். நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னக் கூடாது என்ற வரம்பு இன்று வலைத்தள வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. திகில் டெம்ப்ளேட் பல அதை மதிப்பதேயில்லை.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் முடித்தால் வேலையில் பாதியை விட்டதாகும். அலறல், வயலின் கிறீச்சு இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு அந்தப் பட்டையிலேயே கிடைப்பதை எடுங்கள்: கன்டெய்னர் பெட்டி டிரெய்லரில் உட்காரும் இரும்பதிர்வு, பின்னோக்கி வரும் லாரியின் பீப், ஷிஃப்ட் மாறும்போது ஊதும் ஆலைச் சங்கு, தூரத்தில் கப்பல். இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலே அடிவயிற்றில் ஏதோ செய்யும். எண்ணூரை வைத்து இதுவரை வந்த சிறு காணொளிகளில் அதிகம் பேசப்பட்டது 2017-இன் ‘சென்னை புறம்போக்குப் பாடல்’. கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா பாட, ரதீந்திரன் ஆர். பிரசாத் இயக்கியது. அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு முன்னால் கச்சேரி பாணியில் ஒருவர் உட்கார்ந்து பாடுகிறார், அந்த முரணே போதுமானதாக இருந்தது. அதே இயக்குநர் 2021-இல் ‘நவரசா’ தொகுப்பில் எந்த ரசத்தை எடுத்தார் தெரியுமா? ‘இன்மை’ என்ற பயத்தின் படத்தை. தற்செயலாக இருக்கலாம், ஆனால் எனக்குப் பொருத்தமாகத்தான் படுகிறது.

காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்களும், கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு நடுவே இரவில் சொந்த வேலை செய்துபார்க்கும் தம்பி தங்கைகளும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களில் யாராவது செய்வதானால் கடைசி அட்டையில் இடம், தேதி, எந்த ஆவணத்திலிருந்து எடுத்தீர்கள் என்ற மூன்றையும் தமிழில், வாசிக்கும்படியான அளவில், குறைந்தது நான்கு விநாடி நிறுத்துங்கள். இசை வேண்டாம். பிளெண்டரும் கிரீட்டாவும் இலவசம், டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே இந்த வேலைக்குத் தாராளம்.